கரையைக் கடக்கும் வரை: காத்திருக்கும் நேரத்தில் நாம் செய்ய வேண்டியவை

(வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடு குறித்து நம் சங்கம் நடத்திய கூட்டத்தில், துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"புயலைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் சார், ஆனால் பயமுறுத்தாதீர்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பயமுறுத்தும் வேலையைத் தொலைக்காட்சிச் சேனல்கள் குறைவில்லாமல் செய்கின்றன. அதனால் நான் வேறொன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். புயல் சின்னம் உருவானது என்று செய்தி வருவதற்கும், அது கரையைக் கடப்பதற்கும் நடுவில் நமக்கு மூன்று நான்கு நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதுதான் என் பேச்சு.

2024 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். 27ஆம் தேதி புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. 28ஆம் தேதி, புயலாக மாறாமல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரைக்கு வரும் என்றார்கள். 29ஆம் தேதி பிற்பகலில் அது புயலாகி 'ஃபெஞ்சல்' என்று பெயர் பெற்றது. 30ஆம் தேதி பகல் முழுக்க, இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இருந்தோம். விமான நிலையத்தை மூடினார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கடைசியில் இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. இத்தனை நாளும் நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது? ஒரு பக்கம் விண்டி ஆப்பின் படங்கள். இன்னொரு பக்கம் "வருமா, வராதா? ஒரே முடிவாகச் சொல்லுங்கப்பா" என்ற கேலி. ரமணன் சார் காலத்தில் பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்த அதே மனசுதான் நமக்கு இன்னும் இருக்கிறது.

கேலி செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள் கணக்கில் காத்திருந்தால் யாருக்கும் அலுத்துப்போகும். ஆனால் புயல் தயங்குவதும் திரும்புவதும் அதன் இயல்பு. மேலே இருக்கும் காற்றோட்டம் அதை இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் நின்றுவிடும். அதற்காக எச்சரிக்கை பொய்யாகிவிடாது.

இப்போது அந்த எச்சரிக்கைகளை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் 'புயல்' என்று பெயர். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். இவை எல்லாமே காற்றுக்கான அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. மழைக்கும் இந்தப் பட்டங்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஃபெஞ்சல் கடந்தபோது அதன் காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். பட்டியலில் மிகச் சாதாரணப் புயல். ஆனால் கரையேறிய பிறகு நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. 'கரையைக் கடந்துவிட்டது' என்ற செய்தியோடு நாம் டிவியை அணைத்துவிடுகிறோம். அந்த மக்களுக்கு ஆபத்து தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

வரைபடத்தில் போடுகிற கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கோடு நம் ஊரைத் தொடவில்லை என்றால் நிம்மதியாகிவிடுகிறோம். 2023இல் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே போய்க் கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் நம் கடலோரமாக மெதுவாக நகர்ந்தபோதே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மூழ்கிவிட்டன. கோடு என்பது புயலின் மையம் போகும் வழி மட்டும்தான். மேகக் கூட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது.

நம் கடற்கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வங்கக் கடல் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்கின்றன. கிழக்கிலிருந்து வரும் புயல் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று கடலிலிருந்து நம்மை நோக்கி அடிக்கும். அலையும் கடல்நீரும் இந்தப் பக்கம்தான் ஏறும். நமக்கு வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அதனால் 'புதுச்சேரியில்தானே கடக்கிறது' என்று சொல்வது நமக்கு ஆறுதல் ஆகாது.

நேராக நம் தலைமேலேயே வந்தால் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா காட்டியது. முதலில் வடக்கிலிருந்து பேய்க்காற்று. மாலையில் திடீரென்று எல்லாம் அடங்கியது. புயல் போய்விட்டது என்று நினைத்துப் பலரும் வண்டியைப் பார்க்கவும், விழுந்த மரத்தைப் படம் எடுக்கவும் தெருவுக்கு வந்தார்கள். அது புயலின் கண். கண் கடந்ததும் காற்று தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. முதல் பாதியில் அசைந்து நின்ற மரங்களை இரண்டாம் பாதி சாய்த்தது. புயல் நடுவில் காற்று சட்டென நின்றால் யாரும் கீழே இறங்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 'துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் கேட்கிறீர்கள். அந்த எண்கள் 1 முதல் 11 வரை. 1, 2 தொலைவில் புயல் சின்னம் இருப்பதைச் சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பவை. 5, 6, 7 ஆபத்து. துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கடக்கும் என்பதைப் பொறுத்து 5 அல்லது 6. துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. அதே வரிசையில் தீவிரப் புயலுக்கு 8, 9, 10. பதினொன்றை மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

ஆபத்து எண் ஏறும்போது துறைமுகத்தில் என்ன செய்வோம் தெரியுமா? கப்பல்களை உள்ளே கூப்பிட மாட்டோம். உள்ளே இருப்பவற்றை வெளியே அனுப்புவோம். கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கட்டிப்போட்ட கப்பல் காற்றில் தளத்தோடு மோதி, தானும் உடைந்து தளத்தையும் உடைக்கும். ஆழ்கடலில் இயந்திரம் ஓடும் கப்பலுக்குப் பிழைக்க வழி அதிகம். ஆனால் அந்த உத்தரவைக் கடல் அமைதியாக இருக்கும்போதே போட வேண்டும். அலை எழுந்த பிறகு வாயிலைத் தாண்ட முடியாது. வானம் நன்றாக இருக்கும்போது 'கிளம்பு' என்று சொல்வதுதான் அந்த வேலையிலேயே கடினமான பகுதி. "வெயில் அடிக்கிறதே, எதற்கு அவசரம்?" என்று ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்.

2012 அக்டோபர் 31ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நீலம் புயலின் அன்று 'பிரதீபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டு வந்து பெசன்ட் நகர் கரையில் தரைதட்டி நின்றது. ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. அலை கொந்தளித்த நேரத்தில் கப்பலை விட்டு உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்தது. நம் குப்பத்து மீனவர்கள் கடலில் இறங்கிச் சிலரைக் கரைசேர்த்தார்கள், சிலர் மாண்டுபோனார்கள். கப்பலிலேயே இருந்தவர்களைப் பிறகு கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் பத்திரமாக மீட்டது.

அந்த இளைஞர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆடும் கப்பலில் நின்றவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. வெளியேறுவதென்றால் முன்பே வெளியேற வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் இருக்கும் இடத்திலேயே, உயரமான பகுதியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இறங்குவதுதான் உயிரை வாங்குகிறது. ஃபெஞ்சல் அன்று வட சென்னையில் ஏடிஎம்முக்குப் பணம் எடுக்கப் போன ஒரு வெளிமாநிலத் தொழிலாளி, இளைஞர், மின்சாரம் தாக்கி இறந்தார். முந்தைய நாள் எடுத்திருக்கக்கூடிய பணம்.

வேளச்சேரிக்காரர்கள் மழைக்கு முன்பே கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்துச் சிரித்தோம். அவர்கள் செய்தது சரி. குப்பத்தில் பாருங்கள், எச்சரிக்கை வந்த அன்றே படகுகளை மேட்டுக்கு இழுத்து, வலையையும் இயந்திரத்தையும் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். அவர்கள் காத்திருப்பது வேலை செய்துகொண்டே.

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன். காருக்கு மேம்பாலம் இருக்கிறது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு என்ன இருக்கிறது? மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவருக்கு? தகரக் கூரை போட்ட கேட் அறையில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிக்கு? புயல் இரவில் பதினோரு மணிக்கு இருட்டில், நின்றுபோன லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு இதற்கெல்லாம் விடை தேட முடியாது.

வானிலை ஆய்வு மையமே நமக்கு நேரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு புயல் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரம் முன்பு புயல் எச்சரிக்கை, கரையைக் கடக்க 12 மணி நேரம் முன்பிருந்து, கடந்த பிறகு உள்பகுதியில் என்ன ஆகும் என்ற கணிப்பு. அந்த நேரங்களையே நாமும் வைத்துக்கொள்ளலாம்.

48 மணி நேரம் இருக்கும்போது: ஜெனரேட்டருக்கு டீசல், எல்லோர் வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மருந்து, கையில் கொஞ்சம் ரொக்கம். மொட்டை மாடி வடிகுழாய்களில் சருகை எடுப்பது. பால்கனித் தொட்டிகளை உள்ளே வைப்பது. டயாலிசிஸ், பிரசவத் தேதி உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி, தேவையானால் அப்போதே மருத்துவமனைப் பக்கம் போய்விடுவது.

24 மணி நேரம் இருக்கும்போது: தரைத்தளத்து முதியவர்கள் மாடி வீடுகளுக்கு வந்துவிட வேண்டும். மின்சாரம் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். வெள்ளத்தோடு சாக்கடை கலந்து சம்ப்பில் இறங்கினால் பல நாட்களுக்குத் தண்ணீர் இல்லை. அதனால் மூடியை இறுக்கி அடைக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் நாளை வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று நாமே சொல்ல வேண்டும். அவர்களாகக் கேட்கத் தயங்குவார்கள்.

12 மணி நேரம் இருக்கும்போது: லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி அணைத்துவிடுவது. செக்யூரிட்டி இருவரையும் கேட் அறையிலிருந்து முதல் மாடிக்கு அழைத்துக்கொள்வது. பார்க்கிங்கில் தண்ணீர் ஏறத் தொடங்கினால், அது மின் பேனலை நெருங்கும் முன்பே மெயினை அணைப்பது. தண்ணீரில் நின்றுகொண்டு யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. அதன் பிறகு யாரும் இறங்க வேண்டாம். மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த எண்களைச் செல்போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

புயல் வராமல் போனால்? டீசல் அப்படியே இருக்கும். தரைத்தளத்து அம்மா ஒரு இரவு மாடியில் தங்கி, இரண்டு வீட்டுக்கும் பழக்கம் கூடியிருக்கும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. "போன தடவை சும்மா அலைய விட்டீர்களே" என்று யாரும் கமிட்டியைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அடுத்த தடவை பொறுப்பில் இருப்பவர்கள் தாமதிக்கிறார்கள்.

கடைசியாக, பதினோராம் எண். அந்தக் கூண்டு ஏறினால், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது என்று பொருள். இனிமேல் செய்தி வராது, இங்கே இருக்கும் அதிகாரி தன் அறிவை வைத்து ஆபத்து என்று முடிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம். வர்தாவின்போது செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. நம் வாட்ஸ்அப் குழுவும் அத்தோடு ஊமையாகிவிட்டது. அந்த நிலைக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு பேர். கையில் ஒரு டார்ச், தங்கள் தளத்தில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து என்ற பட்டியல் ஒரு காகிதத்தில். இரண்டு மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டி "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும்.

கூட்டம் முடிந்து கிளம்பும் முன் அந்தப் பெயர்களை எழுதிவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தரைத்தளத்தில் நான்கு வீடுகளில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொள்ளும் நான்கு மாடி வீடுகள் எவை என்பதும் இன்றே முடிவாகட்டும். நோட்டுப் புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது. இரண்டாம் தளத்துக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.