களவு மணி



விடியுமுன்னே தப்பு முழங்கித் தோட்டத்து மக்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த காலமொன்று இருந்தது. அதே தப்பு அகால வேளையில் ஒலித்தாலோ, ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென்று லயம் முழுவதும் எழுந்து வெளியே வரும். இன்று இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கடைவீதிகளில் விற்கப்படுகின்ற களவு மணியும் ஏறக்குறைய அந்தத் தப்பின் வேலையையே செய்கின்றது. அது கள்ளனைப் பிடிப்பதில்லை, கதவை அடைப்பதுமில்லை, அயலாரைக் கூப்பிடுகின்றது, அவ்வளவுதான்.

மின்சாரத்தால் இயங்கும் களவு மணிக்கு 1853ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர், அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்தை அடுத்து வாழ்ந்த அகஸ்ரஸ் ரசல் போப் என்பவர். கதவு திறந்தவுடன் மின்சுற்றுப் பூர்த்தியாகி, மின்காந்தம் சுத்தியலை இழுத்து மணியை அடிக்கும். யுக்தி நல்லதே. ஆயினும் சுற்றுப் பூர்த்தியானால்தான் மணி ஒலிக்கும் என்றால், கம்பியை முன்கூட்டியே அறுத்துவிட்ட கள்ளனுக்கு என்ன பயம்?

இக்குறையைத் தீர்த்தது மூடிய சுற்று முறை. இதில் மெல்லிய மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டேயிருக்கும். அது நின்றால்தான் மணி அலறும். கதவைத் திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பியை அறுத்தாலும் நிற்கும். கள்ளனுடைய கெட்டித்தனமே அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. கதவுப் பலகையில் ஒரு சிறு காந்தம். நிலையில் ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவு விலகக் காந்தமும் விலகும், தகடுகள் பிரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வோல்ரர் எல்வுட் 1936இல் கண்டுபிடித்த இந்த ஆளி இன்றுவரை வழக்கொழியவில்லை. கம்பியில்லாத கருவிகளிலும் இதுவே இருக்கின்றது. ஆனால் அங்கே செய்தி வானொலி அலையாகச் செல்கின்றது.

அறையின் மூலையில் பொருத்தப்படும் வெள்ளைப் பெட்டியின் சங்கதி வேறு. மனித உடல் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிராக வெளிவிடுகின்றது. பெட்டியின் முகத்திலுள்ள பிளாஸ்ரிக் வில்லை அறையைப் பல கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும். ஒரு கூற்றிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பம் நகருமாயின் ஆள் நடமாட்டமெனக் கொள்ளும். எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் உறவினர் வீடொன்றில் இரவு இரண்டு மணிக்கு இது அலற, நாங்கள் பொல்லும் விளக்குமாக ஓடினோம். வில்லையின் மேலே ஒரு பல்லி சாவதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது!

தகரக் கூரையின் கீழே இக்கருவிக்கு வேறொரு சங்கடமுண்டு. நண்பகலில் அறையின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது, ஆளையும் சுவரையும் வேறுபடுத்தி அறிவது அதற்குக் கடினமாகும். தோட்டத்துக் காம்பறாவில் களவு போவதும் பெரும்பாலும் பகலிலே அன்றோ? ஆண்கள் பால் வெட்டுக்கும் பெண்கள் கொழுந்து மலைக்கும் சென்றிருக்க, பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவை ஒரு சோடித் தோடும், சேமலாப நிதியிலிருந்து எடுத்துவந்த பணமும், பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழும். கள்ளனுக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் பெட்டியோடு அதுவும் போய்விடும். ஆகையால் காம்பறாவுக்குக் கதவுக் காந்தமே உகந்தது; விலையும் குறைவு.

லயத்தில் மணியடித்தால் சுவருக்கு அப்பாலிருக்கும் கிழவிக்காவது கேட்கும். இப்போது தனித்தனியே எழும் புதிய வீடுகளில் அந்தச் சுவரில்லை. அங்கு ஒலிப்பெட்டியைக் கூரையின் கீழ் வெளிப்புறத்தில், அயல்வீட்டை நோக்கி வைக்கவேண்டும். மலை மறைக்காமல் அலை கிடைக்கும் இடமாயின், கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் வகையை வாங்கலாம். கொழுந்து மலையில் அலை கிடைக்கின்றதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மின்னல். சித்திரை மாதத்து மாலை இடியில் சப்ரகமுவ மலைகளில் மின்சாரம் நின்றுபோவது புதினமன்று. பெட்டியினுள் இருக்கும் பற்றறி அவ்வேளைக்கே உரியது. ஆனால் சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். மாதம் ஒருமுறை மின்சார இணைப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். அதற்கு முன்பாக அயல்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையேல் அவர்கள் பொல்லோடு வந்து நிற்பார்கள்.