வெண்கலக் காளையின் கண்ணாடிக் கண்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வெண்கலமும் வண்ணக் கண்ணாடியும் கூடிய விலங்குச் சிற்பம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இஃது அயலான பொருளன்று.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் எருமை, சேவல் முதலிய உருவங்கள் அமைந்த வெண்கலக் கலன்கள் கிடைத்தன. அரிக்கமேட்டில் வண்ணக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. பண்டை எகிப்தியர் இவ்விரு பொருள்களையும் கூட்டி, தம் வெண்கலப் பூனைகள் சிலவற்றுக்கு வண்ணக் கண்ணாடியால் கண் பதித்தனர்.

இரண்டும் உறவுடைய பொருள்களே. வெண்கலத்தின் தாய் செம்பு. அரிக்கமேட்டுச் சிவப்பு மணிகளுக்கு நிறம் தந்ததும் செம்பே. செம்பை வெண்கலமாக்குவது வெள்ளீயம். 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கப்பெற்ற செயின்ட் கோபெய்ன் ஆலையில் கண்ணாடிக் குழம்பு மிதந்து தகடாவதும் உருகிய வெள்ளீயத்தின் மேல்தான்.

ஆயினும் இவ்வுறவினரைக் கொதிநிலையில் இணைத்துவிட முடியாது. ஆறும்போது வெண்கலம், சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். கண்ணாடியைச் சுற்றி வெண்கலத்தை வார்த்தால் கண்ணாடி நெரிபட்டு விரிசல் காணும். ஆகவே, காளை ஒன்றைச் செய்வதாயின் முதலில் மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெண்கலத்தை வார்க்கவேண்டும். அது ஆறிய பின்னர்க் கண்குழியைச் செதுக்கி, தனியே செய்து மெல்ல ஆறவைத்த கண்ணாடியை, மயிரிழை இடம் விட்டுப் பதிக்கவேண்டும். அந்தச் சிறு இடைவெளியே கண்ணைக் காக்கிறது.

இதனை அறிந்த அன்று என் பழைய கவிதைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஏரியையும் ஏரையும் பாடிய இடங்களில் ஆலையைச் சினத்தோடு திணித்திருந்தேன். கொதிப்பு ஆறுமுன்னே இரண்டையும் ஒரே வரியில் வார்த்திருந்தேன். பல வரிகள் விரிசல் கண்டிருந்தன.

இரவுப் பணி முடித்துப் பேருந்திலிருந்து இறங்கும் இளைஞனின் கண்ணும், அவன் தந்தை விற்றுவிட்ட உழவுமாட்டின் கண்ணும் ஒரே கவிதையில் இடம்பெறலாம், இடம்பெறவும் வேண்டும். ஆனால் ஒன்றையொன்று நெரிக்காதபடி நடுவே சிறிது இடம் விடவேண்டும். நான் அதை விடவில்லை. இனி எழுதுவனவற்றிலேனும் விட முயல்வேன். இளங்கவிஞர்கள் என்னைப்போல் காலம் தாழ்த்தாமல் இன்றே தொடங்குவார்களாக.