தோல் எழுப்பும் அபாயக் குரல்



கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்துக்கு மேலே சுங்கை பாலாஸ் சரிவுகளில் தேயிலை பயிராகிறது. கொழுந்து எடுப்போரின் கைகளைச் செடியின் குச்சிகள் கீறுவது சாதாரணம். அந்தக் கீறல் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் சொரியாசிஸ் நோய் உள்ளவருக்கு, கீறிய கோட்டிலேயே சிவந்த தடிப்பு எழும்பி, வெள்ளி நிறச் செதில்கள் உதிரக்கூடும். சித்த மருத்துவத்தில் இந்நோயைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

இதை 1872-ஆம் ஆண்டிலேயே ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்தார். அவரிடம் வந்த ஒருவருக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் படை எழுந்திருந்தது. காரணம் என்ன?

தோல் வெறும் போர்வையன்று. காயம் பட்டதும் தோலின் உயிரணுக்கள் சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து, இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. தோட்டத்தில் மணி அடித்ததும் ஆட்கள் கூடுவதைப் போன்றது இது. வேலை முடிந்ததும் வெள்ளையணுக்கள் கலைந்துவிட வேண்டும். சொரியாசிஸில் அவை கலைவதில்லை. வந்த அணுக்கள் இன்டர்லூக்கின் 17 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது தோலணுக்களைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட தோலணுக்கள் மறுபடியும் மணியை அடிக்கின்றன. இந்த அவசரத்தில், ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல், நான்கைந்து நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. நாம் காணும் செதில் இதுதான்.

நோய் எதிர்ப்புச் சக்திக்கு இதில் பங்குண்டு என்பதற்கு 1979-இல் ஒரு தடயம் கிடைத்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்பட்ட சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுத்தபோது, அவர்களுடைய சொரியாசிஸும் தணிந்தது. இன்டர்லூக்கின் 17-ஐ மட்டும் தடுக்கும் செக்குகினுமாப் என்ற ஊசிமருந்து 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்துகள் நோயை அடக்குகின்றன, அடியோடு நீக்குவதில்லை.

நேயர்களே, இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இந்நோயைக் கிருமி கொண்டுவருவதில்லை. உடலின் காவலே அளவு மீறுகிறது. ஆகவே இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. இது தொற்றாத நோய் என்று 2014-இல் உலக சுகாதாரப் பேரவையும் தீர்மானத்தில் குறிப்பிட்டது. அப்படியிருக்க, நோயாளிக்குத் தனிக் குவளை வைப்பதும், திருமண விருந்தில் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்குவதும் நியாயமா?

நோய் உள்ளவர்கள் நீண்ட கைச்சட்டை அணிந்து கீறலைத் தவிர்க்கலாம். குளித்தவுடன் தோலுக்கு எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு பூசலாம். செதிலைச் சுரண்டக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவதும், திடீரென நிறுத்துவதும் நோயைக் கடுமையாக்கும். நகங்களில் சிறு குழிகள் விழுந்தாலோ, காலையில் மூட்டுகள் விறைத்து வலித்தாலோ தாமதிக்க வேண்டாம். தானா ராத்தா அரசாங்க மருத்துவமனை பிரிஞ்சாங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.