கன்று வீச்சு நோயும் இளங்கொடியும்



சினைப்பசு ஐந்தாம் மாதத்திற்குமேல், பெரும்பாலும் ஏழாம் மாதத்தையொட்டி, கன்றை வீசிவிட்டால் கண்ணேறு என்று கூறி விட்டுவிடுகிறோம். புருசெல்லா என்னும் நுண்கிருமி அதற்குக் காரணமாயிருக்கக்கூடும். டென்மார்க் நாட்டு பாங் என்னும் அறிஞர் 1897-இல் இதனைக் கண்டறிந்தார். இளங்கொடியில் எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரைப் பொருள் உண்டு. இக்கிருமிக்கு அது உகந்த உணவு. ஆகவே அங்கே பல்கிப் பெருகி, கொடியைக் கருப்பையோடு பிணைக்கும் முடிச்சுகளை அழுகச் செய்கிறது. ஊட்டம் தடைப்பட்டுக் கன்று மடிகிறது. கொடியும் விழாமல் தங்கிவிடுவதுண்டு.

விழுந்த கொடியை நக்கும் மாட்டுக்கு நோய் தொற்றும். அதை வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைப் பருகுபவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் உண்டாகும். கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். அந்த நம்பிக்கையைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், கன்று வீசிய பசுவின் கொடியை நாயும் காகமும் இழுத்துச் செல்ல விடலாகாது. கையுறை அணிந்து எடுத்து, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். இதற்கென ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் பஞ்சாயத்து ஓரிடம் ஒதுக்கலாமே!

நோய் கண்ட பசுவைக் குணப்படுத்துவது அரிது. நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒருமுறை தடுப்பூசி போடவேண்டும். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டப்படி இது இலவசம். காளைக் கன்றுக்கும் சினைமாட்டுக்கும் இவ்வூசி ஆகாது. கிடேரி பிறந்த நாளைக் குறித்துவைத்துக் கால்நடை மருந்தகத்தில் தெரிவியுங்கள்.