திரையில் ஒலிக்காத இசை

ஒரு படத்தின் பின்னணி இசையை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இயக்குநருக்கா, இசையமைப்பாளருக்கா? 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தையே எடுத்துக்கொள்வோம்.

படத்தொகுப்பின்போது இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், பழைய செவ்விசைப் பதிவுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்த்தார். புதிய இசைக்கு அலெக்ஸ் நார்த்தை அழைத்தார். 1960இல் குப்ரிக்கின் ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்துக்கு இசையமைத்தவர் அவர்.

நார்த் 40 நிமிடங்களுக்கு மேல் இசை எழுதி, பெரிய வாத்தியக் குழுவோடு பதிவும் செய்தார். குப்ரிக்கோ தற்காலிக இசையையே நிலையாக்கிவிட்டார். படம் திரையிடப்பட்டபோதுதான், தம் இசையில் ஒரு சுரம்கூட அதில் இல்லை என்பது நார்த்துக்குத் தெரிந்தது.

யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசைக்கு விண்வெளி நிலையம் சுழலும் காட்சியை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். குப்ரிக்கின் காது பிழை செய்யவில்லை. ஆனால், உழைத்தவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

நார்த் 1991இல் மறைந்தார். இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அந்த இசையை மீண்டும் பதிவு செய்ய, 1993இல் அது இசைவட்டாக வெளிவந்தது. ரசிகர்கள் கேட்டார்கள், எழுதியவர்தாம் இல்லை.

நேயர்களே, இயக்குநருக்கு மறுக்கும் உரிமை உண்டு. மறைக்கும் உரிமை இல்லை!