இணையவழி வணிகமும் ஒருமுக முயற்சியும்

(நமது சங்க ஆண்டு விழாவின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையவழி வணிகத்தில் ஒன்றையே பற்றிநின்று வெற்றி பெறுதல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு யாம் பணிக்கப்பட்டுள்ளோம். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் வியாபாரத்திற்கும் யாது தொடர்பு என்று சிலர் நகைத்தல் கூடும். எம்மிடம் பயின்று சென்ற நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இவ்வணிகத்திற் புகுந்து அலைவதைக் கண்ணாரக் காண்கின்றோம். ஆதலின் எமக்கும் இதிற் சிறிது உரிமையுண்டு. ஒருவர் தைத் திங்களிற் கைபேசி உறை விற்பார். ஆனியிற் பிறர் சரக்குக்குத் தரகராவார். ஐப்பசியில் யூடியூபிற் காணொளி போடுவார். மறு தையிற் பங்கு வியாபாரம் என்பார். நான்கிலும் அவர் உழைத்தது மெய். நான்கும் ஊன்றவில்லை என்பதும் மெய். இதற்கிடையே தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்று மீளாதிருக்கும்.

இதனைச் சோம்பலென்று கூறுதல் அநியாயம். இணையக் கடையின் இயல்பை அறியாமையே இதற்குக் காரணம். தெருவிற் கடை வைத்தவனை வழிப்போக்கராவது காண்பர். இணையத்திற் கடை வைத்தவனையோ தேடுவோர் கண்ணிற் படச் செய்வதே பெரும்பாடு. முன்வரிசையிற் காட்டப்படுவன பெரும்பாலும் முன்னரே பலர் வாங்கி நன்மதிப்புரை எழுதிய சரக்குகளே. ஆகவே தொடக்க மாதங்களில் விளம்பரப் பணம், தளத்தார் பெறும் தரகு, அனுப்புகூலி, திரும்பி வரும் சரக்கால் நேரும் நஷ்டம் ஆகிய இவையெல்லாம் கூடி இலாபத்தை விழுங்கிவிடும். அக்காலத்திற் சேர்வன, வாங்கினோர் எழுதும் மதிப்புரையும், மீண்டும் வருகின்ற வாடிக்கைக்காரரும், சரக்கைப் பற்றிய நுண்ணறிவுமாம். இவையே அவ்வணிகத்தின் உண்மையான முதல். தொழிலை மாற்றுவோன் இம்முதலைத் தெருவில் விட்டுச் செல்கின்றான். துண்டு வாங்கினோர் எழுதிய மதிப்புரை கைபேசி உறைக்கு எவ்வாறு உதவும்?

நம்மவருள் ஒருவர் தம் சொந்தத் தளத்திற் கைத்தறித் துண்டு ஒன்றையே விற்று வருகின்றார். பெயர் கூறுவதை அவர் விரும்பார். படத்தில் தோன்றும் சிவப்பும் கையிற் கிடைக்கும் சிவப்பும் வேறாயின் சரக்குத் திரும்பி வரும் என்பதை முதலாண்டிற் கண்டு, பகல் வெளிச்சத்திலன்றிப் படம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் அனுப்பிய பொதிகள் பல வாயிலிலேயே மறுக்கப்பட்டுத் திரும்பின. போக்குக்கூலியும் வரவுகூலியும் அவர் தலையில் விழுந்தன. அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியிற் கேட்டு உறுதி செய்யத் தொடங்கிய பின்னரே அந்நஷ்டம் குறைந்தது. துண்டின் நீளம் எத்தனை அங்குலம், முதற் சலவையில் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா போகாதா என்பனவற்றை ஒளியாது எழுதி வைத்தார், சச்சரவு ஓய்ந்தது. மூன்றாம் ஆண்டிற்றான் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்தார். முப்பது நாளிற் செல்வராக்குவோம் என்று பணம் பெற்றுப் பாடம் விற்போர் (அவர்கள் வியாபாரம் அப்பாடமே என்பது எம் துணிபு) இவற்றுள் ஒன்றையேனும் கற்பிப்பதாக யாம் அறியோம். துணி மூட்டையைத் தலையிற் சுமந்து சென்ற நம் பாட்டன்மார் ஆண்டுதோறும் அவ்வவ்வூர்களுக்கே சென்றனர். எவ்வீட்டார் எக்கரை விரும்புவர் என்பது அவர்கட்கு மனப்பாடம். அவ்வறிவையே இவர் வேறோர் இடத்தில் ஈட்டினார்.

இனி உலகறிந்த இருவர் வரலாற்றை நோக்குவோம். திரு. முருகவேல் ஜானகிராமன் அவர்கள் அமெரிக்காவில் இருந்தபோது 1997ஆம் ஆண்டில் தமிழருக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதன் பகுதிகள் பலவற்றுள் மணமக்களைத் தேடித்தரும் பகுதிக்கே வரவேற்பு மிக்கிருந்தது. ஏனையவற்றை விடுத்து அதனையே அவர் பற்றிக்கொண்டார். அக்கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தது 2017ஆம் ஆண்டில். இடையிற் சென்றவை இருபது ஆண்டுகள். (நம் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வரும் வரன் விளம்பரங்களைப் படிப்போர், முன்பக்கக் கட்டுரைகளைப் படிப்போரினும் மிகுதி என்பதை நாமும் அறிவோம்.)

அமேசான் என்னும் பெருங்கடையோ 1995ஆம் ஆண்டில் புத்தகம் விற்கத் தொடங்கியது. ஓராண்டு முழுமைக்கும் இலாபம் கண்டது 2003ஆம் ஆண்டிற்றான். 1999 இறுதியில் 100 டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு 2001இல் 6 டாலருக்குக் கீழ் வீழ்ந்தது. 1999இல் அது தொடங்கிய ஏலக்கடை பயன்படவில்லை. ஏலத்தை விட்டார்களேயன்றி இணையக்கடையை விடவில்லை. பிறர் சரக்கையும் தம் சரக்கின் அருகிலேயே விற்க 2000ஆம் ஆண்டில் இடம் கொடுத்தனர், அது பலித்தது. ஆனால் அக்கம்பெனி அத்தனை ஆண்டு நஷ்டம் தாங்கியது பங்குதாரரும் கடன் கொடுத்தோரும் தந்த பணத்தால் என்பதை நம் பிள்ளைகள் மறத்தலாகாது. நமக்கோ இருப்பது வீட்டுப் பணம்.

ஆகவே, பிடித்தது எதுவாயினும் விடேன் என்று நிற்றலை யாம் கூறவில்லை. அமெரிக்காவில் வெப்வேன் என்னும் மளிகைக் கம்பெனி 1999ஆம் ஆண்டில் வீடுதோறும் சரக்கு அனுப்பத் தொடங்கி, ஓரிடத்தில் இலாபம் காணுமுன்னரே பல நகரங்களிற் பெரும் பண்டகசாலைகள் அமைக்கப் புகுந்து, 2001இல் முறிந்தது. திருவள்ளுவனாரும் தெரிந்துசெயல்வகையை நாற்பத்தேழாம் அதிகாரமாக முன்னே வைத்து, ஆள்வினையுடைமையை அறுபத்திரண்டாவதாகப் பின்னே வைத்தார். எல்லாச் செலவும் போக ஒரு துண்டுக்கு ஐந்து ரூபாய் நஷ்டமாயின், ஆயிரம் துண்டுக்கு ஐயாயிரம் நஷ்டம்; அங்கே பொறுமை மருந்தாகாது, விலையையோ சரக்கையோ மாற்றல் வேண்டும். ஓராண்டாகியும் ஒருமுறை வாங்கினவர் மறுமுறை வாராராயின், அச்சரக்கை ஐயுறுதல் வேண்டும். ஆனால் ஒரு துண்டிற் சிறிது மிஞ்சுகின்றது, வாங்கினவர் மீண்டும் வருகின்றனர், விற்பனைத் தொகை மட்டும் சிறிது என்றால், அவ்விடத்தில் விட்டோடுவது பேதைமை. இவ்வேறுபாட்டைக் கணக்குப் புத்தகமே காட்டும்; கணக்கெழுதாதவனுக்கு நிற்பதா விடுவதா என்பது விளங்காது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை தொழில் தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "மாதம் என்ன வருகிறது?" என்று கேட்டு அவனைத் தலைகுனியச் செய்கின்றோம். அதனாலும் பலர் தொழில் மாறுகின்றனர். மாறாக, இவ்வளவு தொகை, இத்தனை ஆண்டு என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக் கொடுத்து, அதுகாறும் வினவாதிருத்தல் நன்று. அவ்வரையறைக்குள் வீட்டுப் பத்திரமும் தாலிச் சங்கிலியும் சேரலாகா.

வருகிற திங்கள் முதல் இரண்டாம் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் இவ்வணிகஞ் செய்வோர் கூடலாமென்று காரியதரிசியவர்கள் இசைந்துள்ளார்கள். துண்டு விற்கும் அன்பரும் வருவார். வருவோர் தத்தம் கணக்குப் புத்தகத்தை உடன் கொண்டுவருக.