நஷ்டஈடு போதாது, ஆறு வேணும்!

(ஆற்றுப் பாசன விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் ஒரு மீனைப் பற்றிப் பேசப் போறேன். விவசாயி கூட்டத்துல மீன் கதையா என்று யாரும் சிரிக்க வேண்டாம். முடிகிறபோது இது நம்ம வயலைப் பற்றிய கதை என்று தெரிஞ்சு போகும்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது நொய்யலில் புதுத்தண்ணி வந்தால் வாய்க்காலில் விலாங்கு ஏறி வரும். எங்க அப்பாரு சாக்குப் பையைக் கையில் சுத்திக்கிட்டுப் பிடிப்பார். வெறுங்கையில் பிடித்தால் வழுக்கிட்டுப் போயிரும். அந்த விலாங்கு எங்கே பிறக்குது தெரியுங்களா? கடலில். கடலில் பிறந்து, காவிரி வழியாக ஏறி, நம்ம ஆத்துக்கு வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகுது. அப்படியென்றால் நம்ம வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவில் நல்ல தண்ணிப் பாதை ஒண்ணு இருந்தது என்று அர்த்தம்.

பிறகு சாயத்தண்ணி வந்தது. கிணறு உப்பானது. தென்னை குருத்துக் காய்ந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விலாங்கு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. நாம் கோர்ட்டுக்குப் போனோம், ரோட்டில் உட்கார்ந்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அதன் பிறகு, கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்று வந்தது. நஷ்டஈடும் கொஞ்சம் வந்தது. என் பங்குக்கு வந்த பணத்தில் நான் போர் போட்டேன். போர்த் தண்ணியும் உப்பு. பணம் போச்சு, உப்பு போகலை.

இப்போது நம்ம சங்கத்துக்குள்ளேயே ஒரு பேச்சு ஓடுது. "இன்னும் கொஞ்சம் நஷ்டஈடு வாங்கிட்டு வழக்கை முடிச்சுக்கலாம், செத்த ஆறு பிழைக்கவா போகுது?" என்று கேட்கிறாங்க. அவங்க நம்ம ஆளுங்கதான், இருபது முப்பது வருசமா அலைந்து களைத்துப் போனவங்க. அவங்களுக்குக் கோபத்தில் பதில் சொல்லக் கூடாது. செத்த ஆறு ஒண்ணு பிழைத்த கதையைத்தான் சொல்லணும்.

ரைன் என்கிற சாக்கடை

ஐரோப்பாவில் ரைன் என்று ஒரு ஆறு. சுவிட்சர்லாந்து மலையில் புறப்பட்டு, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லை வழியாக ஓடி, நெதர்லாந்தில் கடலில் கலக்குது. நீளம் சுமார் 1,230 கிலோமீட்டர். நான் அங்கே போனதில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஆற்றின் பெரிய மீன் சால்மன். நம்ம விலாங்குக்கு நேர் எதிர். ஆற்றின் மேல்பகுதியில் கூழாங்கல்லுக்கு நடுவில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். சில வருசம் கழித்து, தான் பிறந்த ஆற்றின் தண்ணி வாசனையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்தை எதிர்த்து ஏறி, பிறந்த இடத்துக்கே வந்து முட்டையிடும். 1885 வாக்கில் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் சால்மன் பிடித்தார்கள். 1950-களில் ஒரு மீன்கூட இல்லாமல் இனமே அற்றுப் போனது.

ஏன் போனது? மேலே இருந்து கீழே வரைக்கும் கரையெல்லாம் ஆலை. ரசாயனம், இரும்பு, நிலக்கரி, நகரத்துச் சாக்கடை எல்லாம் ஆற்றில்தான். அது போதாதென்று மின்சாரத்துக்கும் கப்பலுக்கும் குறுக்கே வரிசையாக அணைகள். ஆற்றை நேராக்கி இரண்டு பக்கமும் கரை கட்டிவிட்டார்கள். ஐரோப்பாவின் சாக்கடை என்றே அதற்குப் பெயர் வந்தது. 1969-ல் எண்டோசல்ஃபான் கலந்து மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. பருத்திக்கு நாம் அடித்தோமே, 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்ததே, அதே எண்டோசல்ஃபான்தான்.

உப்புக்கு எதிராக ஒரு நாற்றுப்பண்ணை

இனி நம்ம கதை மாதிரியே ஒண்ணு. ரைன் கரையில் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. நாம் மூட்டை மூட்டையாகப் போடுகிற பொட்டாஷ் உரத்துக்கான கனிமம்தான். அதைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சமாகும் உப்பை ஆண்டுக்குப் பல லட்சம் டன் ஆற்றில் கொட்டினார்கள். பல நூறு கிலோமீட்டர் கீழே, நெதர்லாந்தில் ராட்டர்டாம் பக்கம், அந்தத் தண்ணியைப் பாய்ச்சிய நாற்றுப்பண்ணைகளில் செடி கெட்டது.

நாற்றுப்பண்ணைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சுரங்கக் கம்பெனி என்ன சொன்னது? "நாங்கள் பிரான்சில் இருக்கிறோம், உங்க ஊர் கோர்ட்டுக்கு எங்களை விசாரிக்க அதிகாரமில்லை" என்றது. 1976-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கழிவை விட்ட இடத்திலும் வழக்குப் போடலாம், சேதம் நடந்த இடத்திலும் போடலாம், எங்கே போடுவது என்பது பாதிக்கப்பட்டவன் விருப்பம். வழக்கு அதற்கப்புறமும் இழுத்து, 1988-ல்தான் நெதர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் நாற்றுப்பண்ணைக்காரர்கள் பக்கம் முடிந்தது. அவங்களும் பத்து வருசத்துக்கு மேலே அலைந்தவங்கதான். கடைமடைக்காரன் விடாமல் பிடித்தால் மேலே இருக்கிறவன் பதில் சொல்லியே ஆகணும் என்பதை நான் அதில்தான் பார்த்தேன்.

ஆறு சிவந்த ராத்திரி

1986 நவம்பர் 1. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கம் சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்தது. பூச்சிமருந்து மூட்டைகள் எரிந்தன. தீயணைக்க அடித்த தண்ணி பல டன் விஷத்தைக் கரைத்துக்கொண்டு நேராக ஆற்றில் இறங்கியது. அந்தத் தண்ணியைத் தேக்கி நிறுத்த ஒரு தொட்டி இல்லை. அங்கே இருந்த சாயமும் கலந்ததால் ஆறு சிவப்பாக ஓடியது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு செத்தது, ஒன்றரை லட்சம் விலாங்கு என்று கணக்கு. கீழே உள்ள ஊர்களில் குடிதண்ணீருக்கு ஆற்றில் எடுப்பதை நிறுத்தினார்கள்.

மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரைனைப் பாதுகாக்கும் நாடுகளின் கூட்டு ஆணையம் 1950-லேயே ஏற்பட்டதுதான். கூட்டம் போடும், அறிக்கை எழுதும், வேலை மெதுவாக நடக்கும். இந்தத் தீக்குப் பிறகுதான் அமைச்சர்கள் அவசரமாகக் கூடினார்கள். 1987-ல் ரைன் செயல்திட்டம் வந்தது. முக்கியமான நச்சுப் பொருள்களை 1995-க்குள் பாதியாகக் குறைக்கணும் என்பது ஒரு இலக்கு. இன்னொரு இலக்கைக் கவனமாகக் கேளுங்க: 2000-க்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்பி வரணும்!

ஏன் மீனை இலக்காக வைத்தார்கள்? மில்லிகிராம் கணக்கு நமக்குப் புரியாது. ராத்திரியில் குழாயைத் திறந்துவிட்டுப் பகலில் மாதிரி எடுத்தால் கணக்கு சுத்தமாக வரும், நாம் பார்க்காததா? மீன் ராத்திரியும் பகலும் தண்ணிக்குள்ளேயே இருக்குது. விஷம் குறையணும், தண்ணியில் காற்று இருக்கணும், முட்டையிடக் கூழாங்கல் படுகை சேறில்லாமல் இருக்கணும், கடலில் இருந்து பாதை திறந்திருக்கணும். இதில் ஒண்ணு குறைந்தாலும் அது வராது. மீட்டரைத் திருத்தலாமுங்க, மீனைத் திருத்த முடியாது.

என்ன செய்தார்கள்?

ஆலைகள் கழிவைச் சுத்தம் செய்யணும், தீத்தண்ணியைத் தேக்கத் தொட்டி கட்டணும் என்று கட்டாயமானது. மேலே ஏதாவது கலந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு உடனே தகவல் போகிற எச்சரிக்கை நிலையங்கள் வேலை செய்தன. ஆறு நெடுக அளவு எடுத்து, அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். நகரத்துச் சாக்கடைக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். இன்றைக்கு ரைன் வடிநிலத்தில் நூற்றுக்கு 96 பேர் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகுது.

"ஆலையை நெருக்கினால் வேலை போயிரும்" என்று அங்கேயும் சொன்னார்கள். பாசலில் மருந்துக் கம்பெனிகள் இன்றும் ஓடுகின்றன. லுட்விக்ஸ்ஹாஃபனில் உலகத்திலேயே பெரிய ரசாயன ஆலைகளில் ஒண்ணு அதே ரைன் கரையில் இன்றும் ஓடுது. அங்கே ஆலையை மூடலை, விஷம் வந்த குழாயைத்தான் மூடினார்கள். பட்டறையில் வேலை செய்கிறது நம்ம பிள்ளைகள்தான். அவங்க சோற்றில் மண் போடுவது நம்ம கோரிக்கை இல்லை.

தண்ணி தெளிந்த பிறகு, வேறு நாட்டு ஆறுகளின் சால்மன் முட்டையைக் கொண்டுவந்து பொரித்துக் குஞ்சுகளை விட்டார்கள். ரைனுக்கே உரிய பழைய இனம்தான் அழிந்து போச்சே. 1990-ல் சீக் என்ற கிளையாற்றில் முதல் சால்மன் கடலில் இருந்து திரும்பி வந்தது. கொஞ்ச வருசத்தில் தானாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. இலக்கு வைத்த 2000-க்குப் பத்து வருசம் முந்தியே முதல் மீன் வந்துவிட்டது!

ஆனால் மேலே போக முடியலை. அணைகள் குறுக்கே நின்றன. அதனால் அணைக்குப் பக்கத்தில் மீன்படி கட்டினார்கள். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னத் தொட்டிகள். ஒண்ணிலிருந்து ஒண்ணுக்குத் தண்ணி வழியும், மீன் தொட்டி தொட்டியாக ஏறிப் போகும். 2000-ல் இஃபெட்ஸ்ஹைம் அணையில், 2006-ல் காம்ப்ஸ்ஹைம் அணையில், பிறகு இன்னும் மேலே. 2018-ல் நெதர்லாந்தில் கடல்வாயில் உள்ள ஹாரிங்ஃப்ளீட் மதகைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள், மீன் உள்ளே நுழையட்டும் என்று.

முடியாத வேலை

எல்லாம் முடிந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் வந்த மீன் இன்றைக்கு ஆண்டுக்குச் சில நூறுதான் வருது. 2020-க்குள் பாசல் வரை சால்மன் தடையில்லாமல் போகணும் என்ற இலக்கு தவறிப்போச்சு, நடுவில் இன்னும் படி கட்டாத அணைகள் இருந்தன. அதே 2020-ல் மறுபடியும் கூடி 2040 வரைக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

நமக்குக் கசப்பான ஒரு விசயமும் உண்டு. ஆலைக் குழாயை அடைத்த பிறகும் அங்கே ஆற்றில் மிச்சமிருப்பதில் ஒரு பங்கு வயலில் இருந்து வருது, உரமும் பூச்சிமருந்தும். சாயப்பட்டறையைப் பார்த்து நீட்டுகிற விரலை நாமும் ஒரு தடவை நம்ம பக்கம் திருப்பிப் பார்க்கணும். யூரியாவை அளந்து போடுவோம். மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவுகிறதை இன்றோடு நிறுத்துவோம். அப்போதுதான் நம்ம பேச்சுக்கு எடை இருக்கும்.

"அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் பணம் இருந்தும் அந்த ஆறு பல பத்தாண்டுகள் சாக்கடையாகத்தானே ஓடியது? நாற்றுப்பண்ணைக்காரன் கோர்ட்டில் விடாமல் நின்றதும், ஆறு சிவந்த அன்றைக்கு ஜனம் தெருவில் இறங்கியதும்தான் பணத்தை ஆற்றுப் பக்கம் திருப்பியது.

நம் கோரிக்கைகள்

1. இனி பேச்சுவார்த்தை நஷ்டஈட்டோடு முடியக் கூடாது. ஆற்றை எந்த வருசத்துக்குள் மீட்பது என்று அரசு எழுத்தில் தரணும்.

2. நொய்யல் நெடுக ராத்திரியும் பகலும் உப்பளவு எடுத்து, ஊராட்சிப் பலகையில் தினமும் எழுதணும். அளவெடுக்கும்போது விவசாயிகள் உடன் இருக்கணும்.

3. பட்டறைக் கழிவு மட்டுமில்லை, நகரத்துச் சாக்கடையும் சுத்திகரிக்காமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

4. இனி கட்டுகிற, பழுதுபார்க்கிற ஒவ்வொரு தடுப்பணையிலும் கதவணையிலும் மீன் ஏறிப்போக வழி வைக்கணும்.

5. விலாங்கு திரும்பி வருவதை நொய்யல் மீட்பின் அடையாளமாக அரசு அறிவிக்கணும்.

அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ் முன்னால் காத்திருப்புப் போராட்டத்தில் உட்காரும்போது, "எவ்வளவு கேட்கிறீங்க?" என்று அதிகாரி கேட்பார். ரூபாய்க் கணக்குச் சொல்லாதீங்க. "எங்க வாய்க்காலில் விலாங்கு ஏறணும், எப்போ ஏறும்?" என்று திருப்பிக் கேளுங்க. அந்தக் கேள்விக்குப் பதில் வருகிற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிற பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க. விலாங்கைக் கண்ணால் பார்த்தவங்க அவங்கதான், அவங்களே நமக்குச் சாட்சி.

நஷ்டஈடு போதாது, ஆறு வேணும்!
கடைமடை வரைக்கும் நல்ல தண்ணி வேணும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!